மூல எஞ்சினும் மாற்று எஞ்சினும்: மலையக வீதிகளின் பழைய கார்கள் பற்றியதொரு வரலாற்று நோக்கு

கினிகத்தேனையை விட்டு வட்டவளை, றொசல்ல ஆகிய ஊர்களைக் கடந்து ஹற்றனை நோக்கி ஏறும் வீதி, அவிசாவளையையும் நுவரெலியாவையும் இணைக்கும் நெடுவீதியின் ஒரு பகுதியாகும். புகையிரதப் பாதையும் இவ்வூர்களை ஒட்டியே ஏறுகின்றது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய இருப்புப்பாதை ஹற்றனை அடைவதற்கு மேலும் பத்து ஆண்டுகள் சென்றன. அதற்கு மறு ஆண்டில், 1885இல், அது நானுஓயாவை அடைந்தது. பெருந்தோட்ட விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்குவதும், அரிசியையும் உரத்தையும் இயந்திரங்களையும் மேலே ஏற்றுவதுமே அப்பாதையின் நோக்கம். மோட்டார் கார் இந்தத் தேவைகளுக்காக வந்ததன்று. துரைமாரின் தனிப்பட்ட வசதிக்காக வந்து, அவர்கள் சென்றபின் வேறு கைகளுக்கு மாறி, வேறு தேவைகளுக்கு உழைத்த பொருள் அது. அக்கார்களுட் சில இன்னும் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சின்களைப் பற்றியதே இக்கட்டுரை.

பழைய காரொன்றின் எஞ்சின் தேய்ந்து ஓயும்போது உடையவர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, அதே எஞ்சினை இறக்கிக் கடைந்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி மீண்டும் பூட்டுவது. மற்றது, அதனை அகற்றிவிட்டு வேறொரு வண்டியின் எஞ்சினை அவ்விடத்தில் பொருத்துவது. இது கராஜில் தீர்க்கப்பட வேண்டிய தொழில்நுட்ப வினா மட்டுமே என்று தோன்றலாம். எனினும் மூலம் என்று எதனைச் சொல்வது, அதனைக் காக்கும் பொறுப்பு எவருடையது, காப்பதற்கான செலவை எவர் தாங்குவது ஆகிய வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. அவை வரலாற்று மாணவருக்கு உரிய வினாக்களாம்.

இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானியா தன் கடன்சுமையைத் தீர்க்க ஏற்றுமதியையே நம்பியிருந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது. 1947இல் வெளிவந்த ஒஸ்டின் ஏ-40, 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட மொறிஸ் மைனர் ஆகியன இக்கொள்கையின் விளைவாகவே பேரரசின் பழைய சந்தைகளை நிறைத்தன. மொறிஸ் மைனர் கண்காட்சிக்கு வந்த அதே ஆண்டில்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழ் மக்களிற் பெரும்பாலோர் அதனால் நாடற்றவராயினர். வண்டியின் பதிவுப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பேணிய ஊர்களில், அவ்வண்டியிற் கூலிகொடுத்து ஏறியவர்களுக்கு உரிமைப் பத்திரம் இல்லாதிருந்தது. இக்கட்டுரைக்கு இது புறம்பான செய்திபோலத் தோன்றலாம். ஆனால் பத்திரமும் இலக்கமும் ஒரு பொருளின் அடையாளத்தை எவ்வாறு நிலைநாட்டுகின்றன என்பது பின்னர் நோக்கப்படவிருப்பதால் இங்கு குறிப்பிடுதல் பொருந்தும்.

லயத்திலே வாழ்ந்த குடும்பத்துக்குக் கார் என்பது நாள்தோறும் ஏறும் வாகனமன்று. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும், கலியாணத்தில் மாப்பிள்ளை பெண்ணை அழைத்துவரவும் வாடகைக்குப் பேசப்படும் வண்டி அது. தோட்டத்து வீதியில் அது ஏறுமா, இடையில் நின்றுவிடுமா என்பது சிலவேளைகளில் உயிரைப் பற்றிய வினாவாகவும் இருந்தது. எஞ்சினின் வலுவைப் பற்றிப் பேசும்போது இதனை மறந்துவிடலாகாது.

மலைநாடு எஞ்சினுக்குக் கடினமான களம். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு வலு இழக்கப்படுகின்றது. நாலாயிரம் அடிக்கு மேலுள்ள ஹற்றனில் எட்டில் ஒரு பங்கும், ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கிய அளவும் இவ்வாறு போய்விடும். மொறிஸ் மைனரின் முதல் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 27.5 குதிரைவலுவும் உடையது. அடுத்து வந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் வலு 30. நுவரெலியாவை அடையும்போது இந்த முப்பது ஏறக்குறைய இருபத்தைந்தாகிவிடுகின்றது. அந்த இருபத்தைந்தைக் கொண்டே ஐந்தாறு பேரையும் மூட்டைகளையும் மழையில் நனைந்த வளைவுகளில் இழுக்க வேண்டும். 1934இல் நுவரெலியாவில் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பற்றிப் பெருமையுடன் பேசுவோர் உளர். அப்பந்தயத்துக்குப் பரிசுக் கிண்ணம் உண்டு. பாரமேற்றிய வாடகைக் கார் அதே மலைகளில் ஆண்டு முழுவதும் ஏறியதை எவரும் நேரங்குறித்து வைக்கவில்லை.

இனி, மூல எஞ்சின் என்பது யாது? மொறிஸ் மைனரின் வரலாறே இவ்வினாவுக்கு எளிய விடை தர மறுக்கின்றது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், நான்கு சிலிண்டர்களும் இருபுறமும் படுத்திருக்கும் புதிய எஞ்சினொன்றையே அவ்வண்டிக்குக் கருதியிருந்தார். செலவும் காலமும் இடந்தராமையால் அது கைவிடப்பட்டது. போருக்கு முற்பட்ட மொறிஸ் எயிற் வண்டியின் பக்கவால்வு எஞ்சினே அவ்விடத்தில் அமர்த்தப்பட்டது. எனவே வண்டி பிறக்கும்போதே மாற்று எஞ்சினுடன்தான் பிறந்தது எனலாம். 1952இல் ஒஸ்டினும் மொறிசும் பி.எம்.சி. என்னும் ஒரே நிறுவனமாக இணைந்தபோது, தலைமேல் வால்வுகளைக் கொண்ட ஒஸ்டினின் 803 எஞ்சின் மொறிஸ் மைனரினுள் புகுந்தது. நேற்றுவரை போட்டியாளராயிருந்தவரின் எஞ்சின் அது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. வலு 37 ஆகி, பின்னர் 48 ஆயிற்று. தொழிற்சாலையே நான்கு முறை மனம் மாறியிருக்க, 1953ஆம் ஆண்டு வண்டியில் 1098 எஞ்சினைப் பூட்டியவரை மூலத்தைக் கெடுத்தவர் என்று பழிப்பது எவ்வளவு பொருந்தும்? அவர் செய்தது அதே குலத்துள் நடந்த மாற்றம்.

இந்தியாவில் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசடர், 1950களின் பிற்பகுதியில் 1476 கன சென்ரிமீற்றர் பக்கவால்வு எஞ்சினுடன் வெளிவந்து, 1959இல் 1489 எஞ்சினுக்கு மாறியது. 1980 அளவில் டீசல் எஞ்சினையும், 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு எஞ்சினையும் அது ஏற்றுக்கொண்டது. 2014இல் உத்தர்பாராவில் அதன் உற்பத்தி நின்றபோது, வெளித்தோற்றம் பெரும்பாலும் அதேயாகவும் உள்ளே இருந்தது பலமுறை மாறியதாகவும் இருந்தது. சென்னையில் இதற்கு நேர்மாறானதொன்று நிகழ்ந்தது. ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்ட் 2000 என்னும் காரின் உடல் ரோவர் நிறுவனத்தின் நவீன வடிவம். எஞ்சினோ 1940களின் வான்கார்ட் வழிவந்தது. புதிய உடலில் பழைய எஞ்சின். வாங்குவோர் அதனை விரும்பவில்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோயிற்று.

மூலபாடம் எது என்னும் வினா தமிழ் மாணவருக்குப் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துப் பதிப்பித்தார். ஆசிரியன் கைப்பட எழுதிய ஏடு கிடைக்காதவிடத்து, பெயர்த்தெழுதியோரின் கைகளினூடாகவே மூலத்தை அணுகவேண்டியிருந்தது. பழைய கார்களின் நிலையும் ஓரளவு இத்தகையது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டைப் பெயர்த்தெழுதியவன் பழைய ஏட்டை வெட்டிப் புதியதனுள் ஒட்டுவதில்லை.

இலங்கையில் பழுதுபார்த்தலும் மாற்றுதலும் வெவ்வேறு காலங்களில் மேலோங்கியமைக்கு இரசனை காரணமன்று. இறக்குமதிக் கொள்கையே காரணம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் வெள்ளைத் துரைமாரின் காலத்தை முடித்துவைத்தன. புதிய காரும் இல்லை, உதிரிப்பாகமும் அரிது என்னும் நிலையில், இருந்த எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சீர்செய்வதன்றி வேறு வழியிருக்கவில்லை. கராஜ் பாஸ்மார் என மக்கள் அழைத்த கைவினைஞரின் பொற்காலம் அது. தேய்ந்த சிலிண்டரைப் போர் அடித்து அகலமாக்கி, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனை இட்டார்கள். கிராங்க் தண்டைக் கடைந்து மெல்லிதாக்கி, தடித்த பெயாரிங்கைப் பொருத்தினார்கள். பிஸ்டன் கிடையாதபோது வேறு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து இட்டவர்களும் உண்டு. இவற்றை எவரும் மரபுரிமைப் பாதுகாப்பு என்று அழைக்கவில்லை. வறுமையின் கட்டாயத்தாற் செய்தார்கள். ஆயினும் இன்று மூல எஞ்சினுடன் எஞ்சியுள்ள வண்டிகள் பலவும் அக்கட்டாயத்தின் எச்சங்களே.

1977இன் திறந்த பொருளாதாரம் இந்நிலையை மாற்றிற்று. ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்களும், அவற்றிலிருந்து கழற்றிய எஞ்சின்களும் கியர்பொக்சுகளும் வந்து குவிந்தன. பழைய எஞ்சினைக் கடைந்து சீர்செய்யும் செலவோடு ஒப்பிடுகையில், டட்சன் அல்லது டொயோட்டா எஞ்சினொன்றை வாங்கிப் பூட்டுவது எளிதாகவும் நம்பத்தக்கதாகவும் தோன்றிற்று. 1171 கன சென்ரிமீற்றர் டட்சன் எஞ்சின் மொறிஸ் மைனருக்கு விருப்பமான மாற்றாயிற்று. மொறிசின் கிராங்க் தண்டை மூன்று பெயாரிங்குகள் தாங்க, டட்சனின் தண்டை ஐந்து தாங்கின. நீண்ட ஏற்றத்தில் இவ்வேறுபாட்டைச் சாரதி தன் காதாலேயே உணர்வார்.

இந்த ஜப்பானிய எஞ்சின் முற்றிலும் அந்நியமானதா? 1952 டிசம்பரில் நிசான் நிறுவனம் ஒஸ்டினுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, முதலில் ஏ-40 வண்டியையும் பின்னர் ஏ-50 வண்டியையும் ஜப்பானில் தயாரித்தது. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் டட்சனுக்கென அமைந்த சிறு எஞ்சினொன்று, ஒஸ்டினின் 1489 எஞ்சினைக் குறுக்கிப் பெறப்பட்டதே. இசுசுவும் 1953இல் ஹில்மன் மின்ஸ் வண்டியை உரிமம் பெற்றுத் தயாரித்தது. ஆகவே ஒஸ்டின் பள்ளியிற் பயின்ற மாணவன் கால் நூற்றாண்டுக்குப் பின் ஆசானின் வீட்டுக்குள் வந்து அமர்ந்தான் என்று கொள்வது மிகையாகாது. பேரரசின் தொழில் வலு தேய்ந்து ஆசியாவின் தொழில் வலு எழுந்த வரலாற்றை, ஹற்றன் கராஜொன்றில் கிடக்கும் கழற்றிய எஞ்சினிலும் பூட்டிய எஞ்சினிலும் அருகருகே காணலாம்.

டீசல் எஞ்சினைப் பூட்டியோரின் கணக்கு வேறு. எரிபொருட் செலவே அவர்களின் முதன்மையான கவலை. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அது நியாயமான கவலைதான். ஆனால் மலைவீதியில் அதற்கொரு விலை உண்டு. பாரமான டீசல் எஞ்சின் முன்பக்கத்தை அழுத்தும். அதன் அதிர்வு, பூட்டிய இடங்களில் வெடிப்புகளை உண்டாக்கும். பெற்றோல் எஞ்சினில் காற்று வரும் வழியை அடைப்பதால், இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துநிறுத்த உதவும். டீசல் எஞ்சினில் அத்தகைய அடைப்பு இல்லாமையால் அந்த உதவி குறைவு. ஹற்றனிலிருந்து றொசல்ல, வட்டவளை வழியாகக் கினிகத்தேனைக்கு இறங்கும்போது பழைய பிரேக்குகளே முழுச் சுமையையும் தாங்க நேரும். எஞ்சினை மாற்றுவோர் பிரேக்கையும் மாற்றாவிடில் அவர்கள் ஏற்றத்தை மட்டுமே எண்ணியவராவர். மேலும், நீளம் கூடிய கியர்பொக்சை நுழைப்பதற்கு அடிச்சட்டத்தின் குறுக்குத் தாங்கியை வெட்டவேண்டி வரும். எஞ்சின் மாற்றத்தை நாளை மீட்டுவிடலாம். வெட்டியதை அவ்வளவு எளிதில் மீட்க முடியாது.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் தனியாக நோக்கத்தக்கது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாத குடாநாட்டில், ஒஸ்டின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியன மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கார்புரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புதிய எஞ்சின்களால் இதனைத் தாங்கியிருக்க முடியாது. பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்னும் அளவை ஒட்டித் தாழ்வாயிருந்தமையாலேயே இது இயன்றது. முன்னேற்றமின்மை எனக் கருதப்பட்ட குணமே அங்கு உயிர்காத்தது. அதன் விலையும் சிறியதன்று. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது, பெயாரிங்குகள் தேய்ந்தன. போர்க்காலத்தைக் கடந்து வந்த அத்தகைய எஞ்சினொன்றை இன்று அகற்றுவோர் தேய்ந்த இரும்பை மட்டும் அகற்றுவதில்லை. ஆவணம் எழுதப்படாத ஒரு காலத்தின் சான்றையும் சேர்த்தே அகற்றுகின்றனர்.

சட்டம் இதில் என்ன சொல்கின்றது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் நிகழும் பதிவில் எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் இடம்பெறுகின்றன. எஞ்சினை மாற்றியவர் அதனைப் பதிவிலும் மாற்றுவிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிபொருட் பங்கீடு வந்தபோது, அனுமதிக் குறியீட்டைப் பெறுவதற்கு வாகன இலக்கத்துடன் அடிச்சட்ட இலக்கமே கேட்கப்பட்டது. எஞ்சின் இலக்கம் கேட்கப்படவில்லை. கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று வகுத்த அரசுக்கு, வண்டியின் அடையாளம் அதன் எலும்புக்கூட்டிலேயே இருந்தது. வாகன ஆர்வலர்களுக்கோ இரு இலக்கங்களும் ஒத்திருந்தாலே அது முழு வண்டி. ஒரே பொருளுக்கு இரு அடையாளங்கள் இவ்வாறு அமைந்துவிட்டன.

மூல எஞ்சினைக் காப்பதும் மாற்றமின்றி நிகழ்வதில்லை. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயத்தை நம்பி வார்க்கப்பட்ட பழைய இரும்புத் தலைகளில், வால்வு அமரும் இடங்கள் அதன்பின் விரைவிற் குழியத் தொடங்கும். அவ்விடங்களில் கடினமான உருக்கு வளையங்களை இறுக்குவதே பரிகாரம். இவ்வாறு தலையுள் வளையமும், சிலிண்டருள் சிலீவும், புதிய பிஸ்டனும் கொண்ட எஞ்சினில் மூலம் எவ்வளவு எஞ்சுகின்றது என்று கேட்பவர் வீண்வாதம் செய்பவரல்லர். மழை மிகுந்த வட்டவளை, றொசல்லப் பகுதிகளில் எஞ்சினுக்கு முன்னரே உடல் துருவேறிப் போவதும் உண்டு. இங்கு ஒரு சுவையான திருப்பத்தைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பித்துவந்த சாள்ஸ் வெயர், 1990களின் தொடக்கத்தில் இலங்கைப் பங்காளியுடன் இணைந்து, அவ்வண்டிக்கான உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பலானார். மறதியில் விழுந்துவிடாத கைத்திறன் இங்கே இருந்தமையே அதற்குக் காரணம்.

பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயம் இவ்விடயத்தில் நிதானமான நிலையை மேற்கொள்கின்றது. வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் தோற்றம் மட்டுமன்றி, பாவனையில் அது பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றைச் சேர்ந்தவை; புதிதாகச் செய்யும் மாற்றம் மீட்கத்தக்கதாயிருத்தல் வேண்டும்; அகற்றிய முக்கிய உறுப்புகளை வண்டியோடு பேணுதல் நன்று என்பது அதன் போக்கு. செல்வர்களின் சங்கங்கள் வகுத்த விதிதான். எனினும் அதில் மலையகத்துக்குப் பொருந்துவது உண்டு. பிழைப்புக்காக ஓடும் வண்டியில் ஜப்பானிய எஞ்சினைப் பூட்டுவது குற்றமன்று. வெட்டாமற் பூட்டுவதும், பழையதை இரும்புக்காரருக்கு நிறுத்து விற்காமல் ஒயில் பூசி வைப்பதும் இயலும். ஆனால் 918 பக்கவால்வு எஞ்சினோ, முதல் 803 எஞ்சினோ உள்ள வண்டி இன்று எவருக்கும் பிழைப்பு ஊர்தியாக இருப்பது அரிது. அதனை வைத்திருப்பவர் விரும்பியே வைத்திருக்கின்றார். அத்தகையவர் மாற்றத்துக்குச் செலவுக் கணக்கைக் காரணங்காட்டுவது ஏற்புடைத்தன்று. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டபின் அக்காரணம் மேலும் வலுவிழக்கின்றது. ஏறுவதற்கு வேறு வண்டி வாங்கலாம்.

எப்பக்கம் முடிவு செய்தாலும், எஞ்சினை இறக்கிய அன்று அதனைப் படித்துக் குறித்துக்கொள்வதற்குச் செலவு ஏதுமில்லை. ஏ வரிசை எஞ்சினின் இலக்கம் பக்கவாட்டில் தறையப்பட்ட சிறு தகட்டில் இருக்கும். அதிலுள்ள எழுத்துகள் கொள்ளளவையும், உயரமுக்க வகையா தாழமுக்க வகையா என்பதையும் சொல்லும். தகட்டைக் கழற்றி வேறோர் எஞ்சினில் தறைவது எளிதாகையால் அதனை மட்டும் நம்புதல் தகாது. தலையைத் திறந்தால் பிஸ்டன்களின் உச்சியில் இலக்கம் பொறித்திருக்கும். இருபது என்றால் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு அகலமாக்கப்பட்டது; பெரும்பாலும் முதற் போர். நாற்பது இரண்டாவது; அறுபது மூன்றாவது. அதற்கு மேல் சிலிண்டர்ச் சுவர் தாங்காது; சிலீவ் இட்டு மீண்டும் முதல் அளவுக்கே வருவார்கள். அதன்பின் பிஸ்டனின் உச்சியில் எவ்விலக்கமும் இராது. சிலீவின் விளிம்பு மட்டும், விரல் நகத்துக்குத் தட்டுப்படும் மெல்லிய வட்டமாகத் தெரியும்.